இருபத்தாறு வருஷத்து மூக்கு

அத்தியாயம் 11

மூன்று மாதமாகக் கண்ணாடிதான் கோணல் என்று நினைத்திருந்தவளுக்கு, கோணல் மூக்கில் இருக்கிறது என்று தெரிந்து இன்னும் ஒரு முழு நாள்கூட ஆகவில்லை.

இருபத்தெட்டு வருடமாகக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தோதாகப் பிரேமை வளைத்து, நிமிர்த்தி, உட்கார வைத்து அனுப்புவதுதான் அவள் தொழில். அந்தத் தெருவில் கண்ணாடிக்காரம்மா என்றால்தான் அவளைத் தெரியும். தன் கண்ணாடி ஒரு பக்கம் சரிகிறது என்று பட்ட முதல் நாளே அவள் கை, பழக்க தோஷத்தில், அதைச் சூடு காட்டி வலது காதுக் கம்பியைக் கொஞ்சம் தூக்கிவிட்டது. பத்து நாள் கழித்து மறுபடியும் சரிந்தது. மறுபடியும் தூக்கினாள். வேறு யாராவது இருந்தால் முதல் வாரமே கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைப் பார்த்திருப்பார்கள். அவள் கண்ணாடியை மட்டுமே பார்த்தாள்.

நேற்று மாலை, கடையில் லென்ஸ் தேய்க்கிறவர் துடைக்க வாங்கிய அவள் கண்ணாடியைச் சும்மா தட்டையான கண்ணாடித் தகட்டின் மேல் கவிழ்த்து வைத்தார். நேரான பிரேம் என்றால் நாலு இடமும் தகட்டில் படவேண்டும். ஒரு கம்பி அந்தரத்தில் நின்றது. பிரேம் கோணல், ஆனால் முகத்தில் நேராக நிற்கிறது, அப்படியென்றால் என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். நீச்சல் கண்ணாடியைச் சரிசெய்ய வந்திருந்த மகள்தான் வாக்கியத்தை முடித்து வைத்தாள்.

"அப்படின்னா மூக்குதான் கோணல்."

அங்கேயே நின்றபடி மகள் போனில் ஒரு டாக்டரைத் தேடிப்பிடித்து, இன்று பதினொரு மணிக்கு நேரமும் வாங்கிவிட்டாள். தேடுவதற்கு அவளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது வேறு கதை. அதற்கும் வருவோம்.

கண்ணாடிக்காரம்மாவுக்கு இரவெல்லாம் சரியான தூக்கமில்லை. மூக்கு ஏன் கோணியது என்று மகளுக்குத் தெரியாது. புருஷனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அதற்குள் ஒரு சிலிக்கான் துண்டு இருக்கிறது. இருபத்தைந்து வயதில், கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்பு வைத்தது. விஷயம் தெரிந்த ஒரே ஆளான அவள் அம்மாவும் போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிவிட்டது.

காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போன் வெளிச்சத்தை மூக்கின் மேல் அடித்துப் பார்த்தாள். நுனித் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்திருந்தது. அதன் நடுவில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு. பத்து நாளாகப் பவுடர் போட்டு மறைத்துவந்தாள். விரலால் தொட்டால் வலியில்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. வலி என்றால் யாரிடமாவது சொல்லலாம்.

வெளியே வந்தபோது புருஷன் டீக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது மாடிக்கு நூல் பிடித்துத் தண்டவாளம் நிறுத்துகிற கை. கல்யாணத்துக்கு முன்பு முதல்முதலாகத் தனியே பேசியபோது, கூச்சத்தில் பேச்சு வராமல் தடுமாறி, அவளைப் பார்த்து அவர் சொன்ன முதல் பாராட்டே அவள் மூக்கைப் பற்றித்தான். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த மாதிரி நேராக இருக்கிறது என்றார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவர் முதன்முதலாகப் பிடித்திருக்கிறது என்று சொன்ன பொருளை அது என்னுடையது இல்லை என்று எப்படிச் சொல்வது? மறுநாள் சொல்லலாம் என்று தள்ளிவைத்தாள். மறுநாளுக்கும் ஒரு மறுநாள் இருந்தது.

இப்போது அவர் ஒரு ஜோக் சொன்னார். லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஆள் கதவைத் தட்டி, நான் வீட்டுக்கு லேட்டாகப் போவதற்கு ஒரு சீட்டு எழுதித் தாருங்கள் என்று கேட்ட கதை. நூறு தடவை சொன்னது. மூன்று மாதமாக அவர் இப்படித்தான் காலையில் ஒரு பழைய ஜோக்கை எடுத்துவிடுகிறார். சொல்லிவிட்டு அவள் வாயையே பார்க்கிறார். அவள் மரியாதைக்குச் சிரித்து வைத்தாள். அவர் நிம்மதியாக டீயைக் குடித்தார். என்ன ஆயிற்று இந்த மனிதருக்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

மூக்கு எலும்பைக் காட்டப் போவதாக மகள் அவரிடம் சொல்லியிருந்தாள். அவள் செருப்பை மாட்டும்போது அவர், டாக்டர் என்ன சொன்னாலும் மறைக்காமல் சொல்லணும் என்றார். அவள் தலையை ஆட்டினாள். மறைக்காமல் என்ற வார்த்தை படிக்கட்டு முழுவதும் கூடவே இறங்கி வந்தது.

*

மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். இருபத்திரண்டு வயது. சிறுபிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். காலை வகுப்பு முடித்து, குளத்துத் தண்ணீரின் மருந்து வாடையோடும் ஈரத் தலையோடும் ஸ்கூட்டரில் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டாள்.

அவளுக்கு மூக்குத் தண்டு தாழ்வு. கடையில் விற்கிற எந்த நீச்சல் கண்ணாடியும் அவள் முகத்தில் ஒட்டி உட்காராது. நடுவில் இடைவெளி விழுந்து தண்ணீர் புகும். அம்மா ஒரு ரப்பர்த் துண்டை வெட்டி ஒட்டிக் கொடுப்பாள். ஆறு வயதிலிருந்து இதுவரை எத்தனை துண்டு வெட்டியிருப்பாள் என்று கணக்கில்லை. பள்ளிக்கூடத்தில் அவளைச் சப்பை என்று கூப்பிட்டார்கள். அழுதுகொண்டு வரும்போதெல்லாம் அம்மா மடியில் போட்டுத் தட்டிக்கொடுப்பாள். உனக்கு அத்தை மூக்கு, என்ன பண்றது என்பாள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அவளுக்குப் பெண் குழந்தை இல்லை. தம்பிக்கு மகள் பிறந்த அன்று தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, மூக்கு அப்படியே என்னை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு என்று பூரித்துப் போனாள். அவளுக்கும் சின்ன மூக்குதான். கண்ணாடிக்காரம்மா அன்று மறுத்துப் பேசவில்லை. அவள் செய்தது அவ்வளவுதான். மற்றதை எல்லாம் குடும்பம் பார்த்துக்கொண்டது.

வரும் சனிக்கிழமை வாலு ஓர் அழகு நிலையத்தில் நேரம் வாங்கி வைத்திருக்கிறாள். மூக்குத் தண்டில் ஏதோ ஜெல்லை ஊசியால் ஏற்றி உயர்த்துவார்களாம். கத்தியில்லை, கட்டில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும். அதற்காக ஆறு மாதமாகத் தேடித் தேடிப் படித்ததில்தான் டாக்டர் பெயர்களெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அம்மா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். ஏன் வேண்டாம் என்றுதான் சொல்ல முடியவில்லை.

டாக்டரின் காத்திருப்பு அறை ஐந்தாவது மாடியில் இருந்தது. எட்டு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குப்பி, சுவரோரம் ஓர் அலமாரி. அலமாரி முழுக்க வெள்ளைச் சுண்ணச் சாந்தில் வார்த்த மூக்குகள். முகமில்லை, மூக்கு மட்டும். கண்ணாடிக்காரம்மா மற்றதை மறந்து அவற்றையே பார்த்தாள். தொழில் புத்தி. மேல்வரிசையில் முதலாவது, மூக்கிடை பதினெட்டு மில்லி இருக்கிற பிரேம் கேட்கிற மூக்கு. அடுத்தது பதினாறு. அதற்கடுத்ததில் எந்தப் பிரேமும் நிற்காது, அடியில் ரப்பர்ப் பட்டை வைத்துத்தான் நிறுத்தவேண்டும். அந்த மூன்றாவது மூக்கின் மேல் அவள் பார்வை கொஞ்சம் அதிக நேரம் இருந்துவிட்டது.

நீ உள்ளே வரவேண்டாம், இங்கேயே இரு என்று மகளிடம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நர்ஸ் கதவைத் திறந்து இரண்டு பேரையும் வாங்க என்றாள்.

*

டாக்டர் நரைத்த தலைக்காரர். பேசுவதற்கு முன்னால் தொட்டுப் பார்க்கிற ரகம். கண்ணாடியைக் கழற்றச் சொல்லி மேஜையில் வைத்தார். அது ஒரு பக்கமாகத் தள்ளாடி நின்றது. அதைச் சற்று நேரம் வேடிக்கை பார்த்தவர், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னாள். அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. நோயாளிகள் பொதுவாகக் கண்ணாடியைப் பார்த்துக் கோணலைக் கண்டுபிடிப்பார்கள், நீங்கள் கண்ணாடியை வைத்தே அதை மறைத்திருக்கிறீர்கள் என்றார்.

பிறகு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக மூக்குத் தண்டைப் பிடித்து மெதுவாக இப்படியும் அப்படியும் நகர்த்தினார். மேல்பக்கம் நூலிழை அளவு நகர்ந்தது. நுனிப்பக்கம் நகரவில்லை. ஒரு சிறு விளக்கை மூக்குத் துவாரத்துக்குள் காட்டி, அறை விளக்கை அணைக்கச் சொன்னார். மகள்தான் எழுந்து அணைத்தாள். இருட்டில் அம்மாவின் மூக்கு உள்ளிருந்து சிவப்பாக ஒளிர்ந்தது. அதன் நடுவில் ஓர் ஓரம், அடிக்கோல் வைத்து வரைந்த மாதிரி, நேராக, கருப்பாகத் தெரிந்தது.

அறை விளக்கு எரிந்தது. டாக்டர் மகளைப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார்.

"பொண்ணு இங்கயே இருக்கலாமா?" என்று கேட்டார்.

வாலு நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். அவள் முகத்தில் கேள்வி இருந்தது, பயமும் இருந்தது.

கண்ணாடிக்காரம்மா மேஜையில் தள்ளாடி நின்ற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். வெளியே போ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகள் போய்விடுவாள். சனிக்கிழமையும் போய்விடுவாள். தன் மூக்குக்காகப் பழி போட ஓர் அத்தை இருக்கிறாள் என்ற எண்ணத்தோடேயே அந்த ஊசிக்கு முகத்தைக் காட்டுவாள். டாக்டர் அவசரப்படவில்லை. மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, மூடினார்.

"இருக்கட்டும் டாக்டர்" என்றாள். "இருபத்தாறு வருஷம் ஆச்சு. சிலிக்கான்."

வாலு எழுந்த நிலையிலேயே நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பக்கவாட்டில் அவள் பார்வை தன் கன்னத்தில் சுடுவதைக் கண்ணாடிக்காரம்மா உணர்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பார்க்காமல், கேட்கவேண்டியதை எல்லாம் வரிசையாகக் கேட்டாள். ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த கேள்விகள். முதல் கேள்வி தொழிலிலிருந்தே வந்தது. பிரேமை வளைக்கிற மாதிரி வெளியிலிருந்தே தள்ளி நேராக உட்கார வைக்க முடியாதா?

டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. வைத்த முதல் சில நாளில் என்றால் முடிந்திருக்கும் என்றார். அதற்குப் பிறகு உடம்பு அதைச் சுற்றி ஒரு உறை கட்டிக்கொள்ளும். வருடங்கள் போகப்போக அந்த உறை சுருங்கும், சுருங்கும்போது துண்டை ஒரு பக்கம் இழுக்கும். இப்போது தள்ளினால் தள்ளின இடத்தில் நிற்காது, விரலை எடுத்ததும் திரும்பிவிடும்.

ஊசி போட்டு அந்தப் பக்கத்துப் பள்ளத்தை மேடாக்கினால் கோணல் தெரியாதே என்று கேட்டாள். இதைக் கேட்கும்போது மகள் நிமிர்ந்து உட்கார்ந்தது தெரிந்தது.

"உள்ள எதுவும் இல்லாத மூக்குன்னா யோசிக்கலாம். அதுக்கே ரத்தக் குழாய் தெரிஞ்ச கை வேணும். ஊசி தப்பா எறங்கினா தோல் கருகும், கண்ணுக்கே ஆபத்து" என்றார் டாக்டர். "ஆனா பழைய துண்டு இருக்கற மூக்குல, இவ்வளவு மெலிஞ்ச தோலுக்கு அடியில, நான் ஊசி வெக்க மாட்டேன். வெக்கறேன்னு சொல்றவங்ககிட்ட நீங்களும் போகாதீங்க."

நூல் போட்டு இழுப்பார்களே, அது? இந்தக் கேள்வி வாலுவிடமிருந்து வந்தது. டாக்டர் தலையசைத்தார். நுனி ஏற்கெனவே உள்ளிருந்து அழுந்திக்கொண்டிருக்கிறது, நூல் இன்னும் அழுத்தும்.

ஒன்றும் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டால் என்று அம்மா கேட்டாள். கோணல் மட்டும் என்றால் விடலாம், எத்தனையோ பேர் விட்டிருக்கிறார்கள் என்றார் அவர். ஆனால் அந்தச் சிவப்புப் பொட்டைக் காட்டினார். பவுடர் போட்டு மறைத்திருப்பதையும் கண்டுகொண்டார். தோல் தேய்ந்துகொண்டே வந்து ஒருநாள் அங்கே திறந்துகொள்ளும். திறந்தால் கிருமி போகும். அப்போதுதான் அது பெரிய ஆபரேஷன்.

"இன்னிக்கு அது சின்ன வேலை" என்றார்.

மூக்குத் துவாரத்துக்குள் மரத்துப்போக ஊசி. உள்ளேயே ஒரு சின்னக் கீறல், வெளியே தழும்பு தெரியாது. துண்டை உருவி எடுக்க அரைமணி, முக்கால்மணி. விழித்திருக்கலாம், பேசலாம், மத்தியானமே வீட்டுக்குப் போகலாம். ஒரு வாரம் மேலே பிளாஸ்திரி. வீக்கம் முழுசாக வடிய ஒன்றிரண்டு மாதம். பிறகு இரண்டு வழி. எடுத்துவிட்டு அப்படியே விடலாம். இல்லையென்றால் காதுக்குப் பின்னாலிருந்து அவளுடைய சொந்தத் தசைப் படலத்தை மெல்லிசாக எடுத்து, தண்டின் மேல் விரித்துவிடலாம். பழைய உயரம் வராது, பாதி வரும். அதற்கு இரண்டு மணிநேரம், அதுவும் மரத்துப்போகிற ஊசியிலேயே. புது சிலிக்கான் மட்டும் இப்போதைக்குப் பேச்சே இல்லை.

"எடுத்துட்டு அப்படியே விட்டா பழைய மூக்கு வந்துடுமா டாக்டர்?"

"அச்சு அசலா வராது. உறை கொஞ்சம் அங்கயே நிக்கும், தோலும் இத்தனை வருஷம் இழுபட்டிருக்கு. கிட்டத்தட்ட வரும்." அவர் ஒரு காகிதத்தை முன்னால் இழுத்தார். "வெக்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கா? ஒண்ணு இருந்தாலும் போதும், எவ்வளவு எறங்கும்னு சொல்லிடலாம்."

போட்டோக்கள் இருந்தன. கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கிழித்தாள். பள்ளிக்கூடத்து வகுப்புப் படத்தைக்கூட விடவில்லை.

அவள் முதல்முறையாக மகள் பக்கம் திரும்பினாள்.

"போட்டோ எதுவும் இல்ல டாக்டர்" என்றாள். "இவ இருக்கா."

எத்தனை குடும்பங்களைப் பார்த்தவரோ, டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

வாலு அம்மாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் வரும் என்று கண்ணாடிக்காரம்மா எதிர்பார்த்தாள். வரவில்லை. ஆழம் தெரியாத தண்ணீரை எட்டிப் பார்க்கிற குழந்தையின் முகம்தான் இருந்தது. பிறகு அவள் டாக்டர் பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலே, பக்கவாட்டு முகத்தைக் காட்டி உட்கார்ந்தாள்.

"வரைஞ்சுக்கோங்க" என்றாள்.

*

வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டரின் மேல் வாலு உட்கார்ந்துகொண்டாள். சாவியைப் போடவில்லை. அம்மா பக்கத்தில் நின்றாள். கார் ஒன்று வந்து திரும்பிப் போனது. காவலாளி இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனார். பத்து நிமிடம் இருக்கும்.

"தொட்டுப் பாக்கட்டா?" என்றாள் வாலு.

அம்மா குனிந்தாள். தினமும் தண்ணீரில் ஊறுகிற அந்த விரல் நுனி, புருவ நடுவிலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. ஓரிடத்தில் நின்றது. மறுபடி மேலே போய் இறங்கியது.

அப்புறம் கேள்விகள் கொட்டின. வைக்கும்போது வலித்ததா? குளிர்காலத்தில் சில்லென்று தெரியுமா? தும்மினால் ஆடுமா? குப்புறப் படுத்தால்? அதனால்தான் சின்ன வயதில் முகத்தின் மேல் பந்து எறிந்தால் அப்படிப் பதறுவாயா? ஒவ்வொன்றுக்கும் அம்மா பதில் சொன்னாள். தும்மினால் ஆடாது. குளிரில் தெரியும். பந்து விஷயம் உண்மைதான். இருபத்தாறு வருடமாக ஒருவரும் கேட்காத கேள்விகளுக்குப் பதில் சொல்வது விசித்திரமாக, கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஏன் செய்துகொண்டாய் என்ற கேள்விக்கு மட்டும் நேரம் பிடித்தது. அப்போது வேறு ஊரில், வேறு கடையில் சேர்ந்த புதிது. பிரேமைப் போட்டுக் காட்டுவதுதான் வேலை. எந்தப் பிரேமும் அவள் மூக்கில் நிற்காது, வழுக்கிக்கொண்டு வாய்க்கு வந்துவிடும். வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். கண்ணாடி நிற்காத மூக்கை வைத்துக்கொண்டு கண்ணாடி விற்க வந்திருக்கிறாயே என்று முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டார். அவருக்கு அது ஒரு வேடிக்கைப் பேச்சு. சாயங்காலமே மறந்திருப்பார்.

"நான் மறக்கல" என்றாள்.

வாலு ஸ்கூட்டர் கண்ணாடியை ஒரு விரலால் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"வெச்சது தப்புன்னு நான் சொல்லலம்மா. நானே சனிக்கிழமை போறவதானே" என்றாள். "ஆனா நான் அழுதுட்டு வர்றப்பல்லாம் நீ, அத்தை மூக்கு, என்ன பண்றதுன்னுதான் சொன்னே. உன்னோடதுன்னு ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா, நான் அதை வேற மாதிரி பாத்திருப்பேன்ல?"

கண்ணாடிக்காரம்மா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மகள் சாவியைத் திருகினாள். வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் வாலு பின்பக்கக் கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தொலைந்த ஒன்றை அதே அறையில் தேடுகிறவளின் பார்வை அது.

*

சாயங்காலம் ஆறரைக்குப் புருஷன் வந்தார். கை கழுவக்கூட இல்லை. கிரீஸ் கையோடு எதிரில் உட்கார்ந்து என்ன சொன்னார் டாக்டர் என்றார்.

வழியில் அழகாகக் கோத்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் வரவில்லை. மூக்குக்குள் ஒரு துண்டு இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்னால் வைத்தது, உங்களிடம் சொல்லவில்லை என்று மூன்று பிசிறுகளாக வந்தது.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"வேற ஒண்ணும் இல்லயே?" என்றார். "நரம்பு, மூளை, அந்த மாதிரி?"

இல்லை என்றாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, கூரையைப் பார்த்து, மூச்சை விட்டார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மூன்று மாதம் முன்பே அவர் கவனித்துவிட்டார். ரெண்டு மில்லி சாய்வு. அவர் கண்ணுக்கு அது தப்புமா? கூட வேலை பார்க்கிறவருக்குப் போன வருடம் முகவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அப்படித்தான் ஏதோ ஆரம்பிக்கிறது என்று பயந்து, சொன்னால் அவளும் பயப்படுவாளே என்று, தினமும் காலையில் ஒரு ஜோக் சொல்லி, சிரிக்கும்போது வாய் இரண்டு பக்கமும் சமமாக ஏறுகிறதா என்று பார்த்துவந்திருக்கிறார்.

வாலு சமையலறை வாசலில் நின்று சிரித்துவிட்டாள். கண்ணாடிக்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வீட்டில் மறைக்கத் தெரிந்தவள் தான் ஒருத்திதான் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

"கோவம் இல்லயா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"வரும்னு நினைக்கறேன். இப்ப வரல" என்றார் அவர். பிறகு முன்னால் குனிந்து, "ஸ்க்ரூ, கிளாம்ப் எதுவும் இல்லாமயா இத்தனை வருஷம் நின்னுது?" என்று கேட்டார். உறையைப் பற்றி அவள் சொன்னதை ஒரு புது மோட்டாரைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டார். தூக்குக்குண்டு என்று தான் சொன்னது ஞாபகம் வந்ததோ என்னவோ, நடுவில் ஒரு தடவை அவர் முகம் மாறியது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. அதற்கு வேறு ஒரு நாள் வேண்டும்.

கை கழுவப் போனவர் பாதியில் நின்றார். அக்கா ஞாயிற்றுக்கிழமை வருகிறாளே, அவளிடம் யார் சொல்வது என்றார். இருபத்திரண்டு வருடமாகத் தன் மூக்கு என்று நினைத்து ஒரு பெண்ணைக் கொண்டாடியவளிடம் என்ன சொல்வது?

அப்போது போன் அடித்தது. டாக்டரின் நர்ஸ். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இடம் இருக்கிறது. எடுப்பது மட்டுமா, காதுக்குப் பின்னாலிருந்து படலம் எடுத்து வைப்பதும் சேர்த்தா? அதைப் பொறுத்துத்தான் அறைக்கு நேரம் போடமுடியும்.

வாலு சமையலறை விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்றாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தன் முகம் எதையும் கேட்டுவிடக் கூடாது என்று நினைத்தாள் போலிருக்கிறது.

காலையில் டாக்டர் பாதி உயரம் வரும் என்று சொன்னபோதே கண்ணாடிக்காரம்மா மனதுக்குள் அதைத்தான் எடுத்துவைத்திருந்தாள். பாதி இருந்தால் போதும், யாருக்கும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. இப்போது திருப்பிவைத்த அந்த முகத்தின் ஓரத்தைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து மெதுவாக இறங்கி, கண்களுக்கு நடுவே அமர்ந்து, நுனியில் சற்றே தூக்கி நின்ற ஒரு கோடு. இத்தனை வருடம் அதற்கு ரப்பர்த் துண்டு வெட்டிக் கொடுத்திருக்கிறாள். ஒருநாளும் அதை முழுசாகப் பார்த்ததில்லை.

"எடுத்தா போதும்" என்றாள் போனில். "ஒண்ணும் வெக்க வேண்டாம்."

போனை வைத்ததும் வாலு திரும்பினாள்.

"எனக்காகத்தானே அப்படிச் சொன்னே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு தாய் சொல்லவேண்டிய பதில் அதுதான். கேட்கவும் நன்றாக இருந்திருக்கும்.

"பாதி உனக்காக."

"மீதி?"

"நானும் அதைப் பாத்து இருபத்தாறு வருஷம் ஆச்சு. எப்படி இருக்குன்னு பாக்கணும் போல இருக்கு."

வாலு போனை எடுத்தாள். கட்டைவிரல் திரையில் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. வீக்கம் வடிய எத்தனை மாதம் என்று கேட்டாள். ரெண்டு என்றார் அப்பா. அவள் கேட்டது அம்மாவை.

"சனிக்கிழமையை ரெண்டு மாசம் தள்ளிப் போட்டிருக்கேன்" என்றாள். "கேன்சல் பண்ணல."

"சரி."

"உன்னோடதைப் பாத்துட்டு சொல்றேன்."